செவ்வரத்தைக்குக் கீழே ஓர் எஞ்சின்

போன கிழமை கிளினிக்கில் எனக்கு இரத்தம் எடுத்தார்கள். தாதிப் பிள்ளை பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கைக்கு உட்புறம் தேய்த்தாள். அவ்வளவுதான். நான் கதிரையின் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப் போயின. “அன்ரிக்கு ஊசிக்குப் பயம் போல” என்று அந்தப் பிள்ளை சிரித்தது. துணைக்கு வந்திருந்த அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

“இவ சின்னதிலயே இப்பிடித்தான் மகள். பல்லி விழுந்தாலும் ஊரக் கூட்டிருவா.”

பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவள்தான் நான். அதில் எனக்குப் பெரிய வெட்கமும் கிடையாது. மாட்டுக்குப் பயம், இடிக்குப் பயம், தோணியில் ஏறப் பயம், தெரியாத ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். ஆனால் ஊசிக்கு இல்லை. அது ஒன்றுக்கு மட்டும் ஏனோ பயமில்லை. என்னைக் கலக்குவது ஸ்பிரிட் மணம். அது மூக்கில் ஏறினால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. பித்தளைக் கொதிகலனுக்குக் கீழே நீலமாக எரிகிற ஒரு திரியும், அதற்கு முன்னால் குந்தியிருக்கிற எங்கள் அத்தானும்தான் ஞாபகத்துக்கு வரும். இதையெல்லாம் தாதிப் பிள்ளைக்கு விளக்கப் போயிருந்தால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அவசரமில்லாமல் ஆறுதலாக இருக்கிறீர்கள்தானே.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். பெயர் தம்பிராசா. எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தான்; கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் வந்து ஒட்ட வேண்டும். மற்ற மாப்பிள்ளைமார் ஒரு சூட்கேசோடு வருவார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடிக்கு அத்தான் வந்தபோது கூடவே ஒரு வண்டில் வந்தது. வண்டில் நிறைய இரும்பு. அரம், குறடு, வாள், வைஸ், செம்புக் குழாய், உடைந்த மணிக்கூடுகள், எந்த வாகனத்தில் கழன்றதோ தெரியாத சில்லுகள். அம்மா வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்றபடியே என் காதில், “மாப்பிள்ள வந்திரிக்காரா, கொல்லன் பட்டறை வந்திரிக்கா?” என்று கேட்டா. அந்தத் தட்டு என் கையில் இருந்திருந்தால் சிரித்துக் கொட்டியிருப்பேன்.

அவருக்கு வேலை நெல்லுக் குத்தும் மில்லில் எஞ்சின் பார்ப்பது. அது டீசல் எஞ்சின். அதற்கு முன் அந்த மில்லில் உமி போட்டு எரிக்கிற ஸ்டீம் எஞ்சின் ஒன்று இருந்ததாம். அதை உடைத்து இரும்புக்கு விற்ற அன்று தான் சாப்பிடவில்லை என்று சொல்லுவார். “டீசல் கத்தும் மச்சாள். ஸ்டீம் எண்டா மூச்சு விடும்” என்பார். அந்த மூச்சைக் கேட்பதற்காகவே மேசையில் வைக்கிற அளவில் எஞ்சின்கள் செய்தார். மில்லால் வந்து, குளித்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பின்விறாந்தையில் குந்தினாரென்றால் அரம் உராய்கிற சத்தம் பொழுதுபடும் வரைக்கும் கேட்கும்.

செய்ததை அவர் சும்மா ஓடவிட்டு ரசித்திருந்தால் அக்கா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அவருக்கு அதை வைத்து ஏதாவது வேலை வாங்க வேண்டும். ஒருமுறை திருவலையை எஞ்சினோடு பூட்டினார். அக்கா தேங்காய்ப் பாதியைப் பிடித்தாள். எஞ்சின் வேகம் எடுத்ததும் தேங்காய்ப்பூ கூரையிலும் சுவரிலும் என் தலைமயிரிலும் பறந்து ஒட்டியது. சட்டிக்குள் மட்டும் ஒன்றும் விழவில்லை. இன்னொருமுறை கரண்ட் இல்லாத வெயில் காலத்தில் காற்றாடி செய்தார். காற்று வந்தது. கூடவே சுடுநீராவியும் வந்து முகத்தில் அடித்தது. “இட்லி மாதிரி அவிஞ்சி போயிருவன் போலிரிக்கி” என்று அக்கா எழும்பிப் போய்விட்டாள். ஊரில் அவருக்கு எஞ்சின் தம்பிராசா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டவர்கள் பகிடிக்குத்தான் கூப்பிட்டார்கள், அவரோ பட்டம் கிடைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்துவார்.

நான் சொல்ல வந்த எஞ்சின் அவர் கடைசியாகச் செய்தது. அதன் கொதிகலன் ஆமி சுட்டுத் தள்ளிய ஒரு ஷெல்லின் வெறும் கோது. திடுக்கிடாதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பித்தளை வேண்டுமென்றால் கடைக்குப் போகத் தேவையில்லை, வட்டைக்குள் கிடந்தது. மாடு மேய்க்கிறவர்கள் வயலுக்குள் பொறுக்கி வருவார்கள். புளி போட்டு மினுக்கி, சாமிப் படத்துக்கு முன்னால் பூச்சாடியாக வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அது கொஞ்சக் காலம் பூச்சாடியாகத்தான் இருந்தது. ஒருநாள் அத்தான் பூவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சாடியைத் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு சாமிக்குப் பூ ஜாம் போத்தலில்.

அதற்கு ஒரு பறக்கும் சில்லு, ஒரு சிலிண்டர், வயலுக்கு மருந்தடிக்கிற மெஷினில் கழற்றிய பிரஷர் காட்டும் முள். எதுவரைக்கும் முள் போகலாம் என்பதற்கு அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். கொதிகலனின் மேலே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வால்வு. உள்ளே ஆவி கூடிவிட்டால் அது தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். அதைக் காட்டி எனக்குச் சொன்னார்.

“இது உங்கட அக்கா. சூடு கூடினா தானா வாயத் திறக்கும். திறந்தாத்தான் நமக்கு நல்லம். திறக்காட்டித்தான் பயப்பிடணும்.”

“திறக்காட்டி?”

“கோது வெடிச்சு நாம எல்லாரும் மேல போவம்” என்று சிரித்தார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விசில். எங்கள் ஊருக்குக் கோச்சி வராமல் போன காலம் அது. தண்டவாளத்தில் புல் முளைத்துக் கிடந்தது. பழைய மெயில் கோச்சியின் கூவல் போலவே வரவேண்டும் என்று அந்த விசிலை அவர் அராவி அராவித் திருத்தினார். முதல் நாள் ஊதியபோது பக்கத்து வளவுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “கோச்சி உட்டிற்றாங்களா தம்பி?” என்று கேட்டார். அத்தானுக்கு அன்று காலே நிலத்தில் படவில்லை.

எஞ்சினுக்கு ஸ்பிரிட் வேண்டும். அதைக் கொண்டுவருகிற பாவத் தொழில் என்னுடையது. நான் அப்போது டவுனில் ஒரு கந்தோரில் புதிதாக டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மருந்துக் கடையில் நின்ற என் சிநேகிதி கொஞ்சம் கொஞ்சமாகத் தருவாள். தீப்பற்றும் சாமான் எதையும் ஆமியின் சென்றிக் காவலைத் தாண்டிக் கொண்டுவருவது லேசில்லை. நான் அதை ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரின் வெறும் போத்தலில் ஊற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடப்பேன். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்போம். எனக்கு முன்னால் நிற்கிறவளின் பை திறக்கும்போதே எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். ஒருநாள் ஒரு ஆமிக்காரன் போத்தலை எடுத்தான். மூடியைக் கழற்றி மோந்தான். என்னைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் கழுத்தில் தடவிக்கொண்டு போகச் சொன்னான். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகைக்கு அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்கட மச்சாளுக்கு நிழலக் கண்டாலும் பயம்.”

“உங்களுக்குப் பயமே இல்லையா அத்தான்?” என்று கோபத்தோடு கேட்டேன்.

“என்னத்துக்குப் பயப்பிடணும்? நான் களவெடுத்தனா, ஆரையும் அடிச்சனா?”

அவர் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தார். அந்த நாட்களில் பயப்படாமல் இருந்த ஒரே ஆளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு நான் பயந்து செத்தேன். குற்றம் செய்தவர்களைத்தான் பிடிப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

சுற்றிவளைப்பு என்று ஒரு சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; ஆமி ஊரை வளைத்துக்கொண்டு ஆட்களையும் வீடுகளையும் சோதிப்பது. பக்கத்து ஊரில் அது நடந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு எங்களுக்கு என்று ஒரு பின்னேரம் செய்தி வந்தது. செய்தி வந்தால் எங்கள் ஊர் என்ன செய்யும் தெரியுமா? தாட்டுவிடும், மண்ணுக்குள் புதைத்துவிடும். கடற்கரை ஊர், முழுக்க மணல்; கையாலேயே கிண்டலாம். நகையைத் தாட்டார்கள், சரி. போட்டோக்களைத் தாட்டார்கள். இயக்கத்தாரின் உடுப்புப் போலப் பச்சை நிறத்தில் இருந்த பாவத்துக்காகப் பிள்ளையின் புத்தகப் பையைத் தாட்டவர்கள் இருந்தார்கள். ஒரு மாமி தன் மகனின் ஃபுட்போல் சப்பாத்தைத் தாட்டுவிட்டுப் பிறகு இடம் மறந்துபோய் வளவு முழுக்கக் கிண்டினா.

நான் கந்தோரால் வந்தபோது அக்கா கிணற்றடிக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை, ஆறாம் மாதம். சேலையெல்லாம் மணல்.

“எஞ்சினத் தாட்டிற்றன்” என்றாள்.

“அத்தானுக்குத் தெரியுமா?”

“அவர் மில்லால வரல்ல. வந்தா விடமாட்டார். ஷெல் கோதக் கண்டா அவங்க சும்மா விடுவாங்களாகா? நீயே சொல்லு.”

நான் என்ன சொல்ல? அவள் செய்ததுதான் சரி என்று எனக்கும் பட்டது. உரப்பையில் சுற்றி, கயிற்றால் கட்டி, ஆழமாகத்தான் புதைத்திருந்தாள். புதுமண் தெரியக்கூடாதென்று மேலே ஒரு செவ்வரத்தைக் கொப்பை நட்டு, நட்டது உண்மை போலத் தெரிய வேண்டுமென்று வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றியிருந்தாள். பிறகு ஈர்க்குமாறால் முற்றத்தைக் கோலம் போட்டதுபோலக் கூட்டியும் விட்டாள். நான் அவளைக் கிணற்றடியில் இருத்தி முதுகைத் தடவிவிட்டேன்.

அத்தான் வந்து, மேசை வெறுமையாக இருந்ததைக் கண்டு, கதை கேட்டுத் தலையில் கைவைத்தார். “மேசைக்கு மேல இருந்தா விளையாட்டுச் சாமான் புள்ள. மண்ணுக்குள்ள இருந்தா அதுக்குப் பேர் வேற” என்றார். உடனே போய்க் கிண்டுவதற்கு எழும்பினார். அக்கா அழத் தொடங்கினாள். வயிற்றில் பிள்ளையோடு அழுகிறவளைத் தள்ளிவிட்டு எந்த மனிதன் மண்வெட்டி எடுப்பான்? “சரி, சரி, கிடக்கட்டும்” என்று இருந்துவிட்டார்.

காலையில் விடிய முந்தியே ஒழுங்கை முழுக்கப் பூட்ஸ் சத்தம். ஆண்களைப் பள்ளிக்கூட வெளிக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அன்று அப்படியில்லை, வீடு வீடாக வந்தார்கள். எல்லோரும் அவரவர் வாசலில் நிற்க வேண்டும். அம்மா அதற்குள் காலமாகியிருந்தா; நாங்கள் மூவரும் நின்றோம். நீளத் தடியின் நுனியில் தட்டுப்போல ஒன்று வைத்த மெஷினோடு ஒருவன் எங்கள் வளவுக்குள் வந்தான். நிலத்துக்கு மேலால் அதை ஆட்டி ஆட்டி நடந்தான். வேலியோரம் போனான், மாமரத்தடிக்குப் போனான். ஒரு சத்தமுமில்லை. கிணற்றடிக்குப் போனான். அது கீச்சிட்டது.

அக்கா என் கையைப் பிடித்தாள், அவளுடைய வளையல் என் தோலில் பதிந்தது. செவ்வரத்தைக் கொப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிண்டினார்கள். உரப்பை தெரிந்ததும் எல்லோரும் பின்வாங்கித் துவக்குகளை நீட்டினார்கள். அத்தானைப் பிடித்து முன்னுக்குத் தள்ளி, நீயே எடு என்று சைகை காட்டினார்கள். அவர் குழிக்குள் கைவிட்டுப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக் கயிற்றை அவிழ்த்தார். ஈர மணல் அப்பிய பித்தளைக் கோது, குழாய், முள்ளு, கம்பி. தேங்காய்ப்பூ பறந்த பகிடி எல்லாம் மறந்துபோய், அந்த நேரத்தில் எனக்கே அது குண்டாகத்தான் தெரிந்தது.

“மே மொக்கத்த?” என்றான் ஒருவன். இது என்ன என்று கேட்கிறான்.

“எஞ்சின். கோச்சி எஞ்சின்” என்றார் அத்தான்.

பெரியவன் ஒருவன் வந்தான். ஒஃபிசர். தமிழ் கொஞ்சம் தெரியும். கோதைத் திருப்பி அடியில் பார்த்தான். அதில் அவர்களுடைய எழுத்தும் இலக்கமும் அடித்திருந்தது.

“இது எங்க எடுத்தது?”

“உங்கடதான் சேர். வட்டைக்குள்ள கிடந்திச்சு.”

அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

“விளையாட்டு எஞ்சின் எண்டா ஏன் தாட்டது? நல்ல சாமான் யாரும் தாட்டு வைக்கிறது இல்ல.”

அக்கா வாயெடுத்தாள். அத்தான் அவளைப் பார்க்காமலே சொன்னார்:

“நான்தான் தாட்டன் சேர். பயம்.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் முதல்முதலாகக் கேட்டேன். அந்த விடையை ஒஃபிசர் நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் விளங்குகிற ஒரே காரணம் அதுதானே.

ஆனால் நம்பினாலும் சும்மா விடவில்லை. “எஞ்சின் எண்டா ஓட்டு” என்றான். தன் ஆட்களைத் தூரத் தென்னைகளுக்குப் பின்னால் போகச் சொன்னான். எங்களைக் காட்டி, “குடும்பம் எல்லாம் அவடத்த இரிக்கணும், பக்கத்தில” என்றான். அவன் கணக்கு எனக்கு விளங்கியது. குண்டென்றால் தன் பெண்சாதி பக்கத்தில் இருக்க எவனும் திரி கொளுத்த மாட்டான்.

“பிள்ளத்தாச்சி சேர்” என்றார் அத்தான்.

“இரிக்கணும்.”

முற்றத்தின் நடுவில் எஞ்சினை வைத்தார். தண்ணீரால் கழுவினார், ஊதினார், சில்லைத் தட்டினார், தன் சாரத் தலைப்பால் துடைத்தார். எவ்வளவு துடைத்தாலும் சில்லு கால்வாசி சுற்றி நின்றது, கறகற என்று மணல் அரைபட்டது. கொதிகலனுக்குத் தண்ணீர் விட்டார். என்னிடம் ஓடிக்கொலோன் போத்தலைக் கேட்டார். நான் எடுத்துவந்து கொடுத்தபோது மேலே இருந்த வால்வை அவர் விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. இன்னொருமுறை அமுக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்ல? கண் என்னிடம் ஒன்றைக் கெஞ்சியது: சொல்லிராதீங்க. வாயைத் திறந்து, “வால்வுக்குள்ள மண் இறுகிற்று, இது வெடிச்சாலும் வெடிக்கும்” என்று சொன்னால் என்ன ஆகும்? வெடிக்கும் என்று எங்கள் வாயாலேயே சொன்னதாகும். சொல்லாவிட்டால், திறக்காத வால்வோடு கொதிக்கப்போகிற பித்தளைக் கோதுக்குப் பக்கத்தில் அக்கா வயிற்றில் கைவைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஓடும், எல்லாம் முடியும் என்று நம்பி அவள் மட்டும்தான் அந்த முற்றத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள்.

திரி நீலமாக எரிந்தது. ஸ்பிரிட் மணம். நான் அந்த முள்ளைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அது அசையாமல் கிடந்தது. பிறகு துடித்தது. பிறகு ஏறத் தொடங்கியது. சில்லு சுற்றவில்லை. அத்தான் விரலால் தள்ளிவிட்டார், கறகற என்று நின்றது. முள் நகப்பூச்சுக் கோட்டைத் தொட்டது. மற்ற நாட்களில் இந்த இடத்தில் வால்வு சிஸ் என்று வாய் திறக்கும், “அந்தா உங்கட அக்கா” என்று அத்தான் சிரிப்பார். அன்று அது வாயே திறக்கவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. நான் எனக்குத் தெரிந்த எல்லா அம்மனையும் கூப்பிட்டேன்.

அத்தான் மெல்ல நகர்ந்தார். எஞ்சினை வடிவாகப் பார்க்கப்போகிறவர்போலக் குந்தியபடியே சுற்றிவந்து, கொதிகலனுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தார். அவருடைய நெஞ்சு கோதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. “மறைக்காதீங்க, எனக்கும் பாக்கணும்” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

“ஊதப் போறன் சேர்” என்று கத்தினார். “கோச்சி விசில். சுடாதீங்க.” விசிலின் பிடியை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

முதலில் ஈர மணல் துப்பியது. பிறகு கொதிநீர் அவர் மணிக்கட்டில் பாய்ந்தது. அதற்குப் பிறகு வந்த கூவல் இருக்கிறதே, அவர் அராவித் திருத்தியதையெல்லாம் விட உரத்து, கல்லடி முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. தென்னைகளுக்குப் பின்னால் நின்றவர்கள் நிலத்தில் விழுந்தார்கள். துவக்குகள் கிளிக் என்றது எனக்குக் கேட்டது. நான் அக்காமேல் விழுந்து அவளை மூடிக்கொண்டேன். ஒருவரும் சுடவில்லை. அத்தான் கை அவிய அவியப் பிடியை விடவில்லை. முள் நடுங்கி, கோட்டுக்கு இறங்கி, கோட்டுக்குக் கீழே வந்தது. சில்லும் மணலை அரைத்துக்கொண்டு நொண்டி நொண்டிச் சுற்றத் தொடங்கியது.

நிலத்தில் கிடந்த ஒரு ஆமிக்காரப் பொடியன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. “கோச்சி” என்று பக்கத்தில் கிடந்தவனிடம் சொல்லிச் சிரித்தான்.

எஞ்சினைக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அத்தானை ஆமிக் காம்புக்கு வரச் சொன்னார்கள். போனார், மத்தியானத்துக்கு வந்துவிட்டார். அந்த அரைநாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுத வராது. எஞ்சின் திரும்பி வரவில்லை.

கைக்கு நான்தான் மருந்து கட்டினேன். அப்போதுதான் வாய் திறந்து சொன்னார்: “வால்வுக்குள்ள மண் போனத உங்கட அக்காட்டச் சொல்லிராதீங்க மச்சாள். தான் தாட்டதாலதான் எண்டு மனதுக்குள்ள வச்சிருவா. பிள்ளத்தாச்சி.” சரி என்றேன். பிள்ளை பிறந்தது. பிறகும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தது. இன்னும் சொல்லவில்லை. அக்காவுக்கு அந்த நாள் ஒரு வெற்றிக் கதை. தன்னைக் காட்டிக் கொடுக்காமல் நான்தான் தாட்டன் என்று சொன்ன புருஷன், ஆமியையே நிலத்தில் விழுத்திய எஞ்சின். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். “இவ எனக்கு மேல விழுந்து அழுதிச்சி” என்று என்னைக் காட்டிச் சிரிப்பாள்.

அத்தான் அதற்குப் பிறகு எஞ்சின் செய்யவில்லை. “ஒண்டு செஞ்சு பிள்ளைக்குக் காட்டுங்களன்” என்று அக்கா கேட்டுக் கேட்டு அலுத்தாள். பித்தளை கிடைக்கவில்லை என்றார், நேரமில்லை என்றார். அன்று ஒஃபிசருக்குச் சொன்ன ஒரு சொல் அவரை விட்டுப் போகவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். பாலத்தில் பை திறக்கும்போது அவருக்கும் முழங்கால் ஆடத் தொடங்கியது. நாய் குரைத்தால் எழும்பி இருந்தார். என்னை நிழலுக்குப் பயந்தவள் என்று பகிடி பண்ணுவதையும் விட்டுவிட்டார். எனக்கு அந்தப் பகிடி இல்லாமல் என்னவோபோல இருந்தது.

வீட்டுக்குப் பிரஷர் குக்கர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அக்கா ஆசையாகப் பருப்பு வைத்தாள். மூடிக்கு மேலே அந்தக் குண்டுமணி ஆடத் தொடங்கியதும் நான் மெதுவாக எழும்பிக் கேற்றடிக்குப் போனேன். அங்கே அத்தான் ஏற்கனவே நின்றார், கடற்கரையைப் பார்க்கிற சாட்டில். விசில் ஊதி முடிந்ததும் அக்கா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். போனோம். அதற்குப் பிறகு பருப்பு வைக்கிற ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

இப்போது நாங்கள் இருப்பது அக்காவின் மகள் வீட்டில். பழைய வளவை, சுனாமி என்று கடல் ஏறி வந்த அன்று கடலே கொண்டுபோயிற்று. அக்கா திரும்ப நட்டு வளர்த்த செவ்வரத்தையும் அதோடு போனது. மில் இருந்த இடத்தில் கலியாண மண்டபம். பாலத்தில் மணல் மூட்டை இல்லை, புதுப் பாலமே வந்துவிட்டது, பழையதில் பின்னேரத்தில் பிள்ளைகள் நின்று படம் எடுக்கிறார்கள். கோச்சி ஒழுங்காக வருகிறது. காற்று டவுன் பக்கத்தால் அடித்தால் அதன் சத்தம் வாவிக்கு மேலால் வரும், “அந்தா, உங்கட அத்தாண்ட எஞ்சின்” என்று அக்கா சந்தோசமாகச் சொல்லுவாள். அத்தான் படுக்கையில் படுத்துச் சாந்தமாகத்தான் செத்தார். அந்தக் காலத்து ஆளுக்கு அது பெரிய கொடுப்பினை.

கிளினிக்கால் வந்து அக்கா குக்கரை வைத்தாள். நான் கேற்றடிக்குப் போனேன். அத்தான் நின்ற பக்கத்தில் இப்போது மருமகனின் மோட்டார்சைக்கிள் நிற்கிறது. விசில் ஊதியது, நான் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஊதி ஓய்ந்தது.

“முடிஞ்சிற்று, உள்ள வாகா” என்று அக்கா கூப்பிட்டாள்.

முந்தியெல்லாம், “ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்றுதான் கூப்பிடுவாள்.